வெந்நீர் பிளாஸ்க்

என் வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு பிளாஸ்க் இருக்கிறது. மூடியில் சின்னக் கீறல், மற்றபடி நல்ல நிலையில்தான் இருக்கிறது. சித்தூரில் தொழில்துறை அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர், நாங்கள் மேடம் என்று மட்டுமே அழைத்தவர், சொந்தக் காசில் வாங்கியது. அலுவலகப் பொருளாக இருந்திருந்தால் கழித்துக்கட்டக் குழு போட்டு, ஏலம் விட்டு, இந்நேரம் மக்கிப்போயிருக்கும். சொந்தப் பொருளுக்கு அந்தக் கதி இல்லை. மாற்றலாகிப் போகும்போது என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. நின்றபடியே கையெழுத்துப் போடுவார், நடந்தபடியே போனில் பேசுவார். எங்கள் மாநிலத்தின் தொழில் கொள்கை அவருக்கு மனப்பாடம். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கொள்கையும் மனப்பாடம். சலுகை விலையில் நிலம், மின்கட்டணத்தில் தள்ளுபடி, வரியில் கழிவு. "ரெண்டுத்துக்கும் அட்டையை மாத்திப் போட்டா எவனுக்கும் தெரியாது சார். அப்ப கம்பெனிக்காரன் எதைப் பார்த்து இங்க வருவான்?" என்று கேட்டுக்கொண்டே அறையைச் சுற்றுவார். எனக்கு விதிகள் தெரியும். அந்தக் கேள்விக்கு விதிகளில் பதில் இல்லை.

அப்போது செல்போன் பாகங்கள் செய்யும் கிழக்காசியக் கம்பெனி ஒன்று இடம் தேடிக்கொண்டிருந்தது. நாங்கள், பக்கத்து மாநிலம், வியட்நாம் என்று மூன்று பேர் போட்டியில் இருந்தோம். வருகிறவர்கள் முன்கூட்டியே கேட்டது இரண்டுதான்: நிலத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், குடிக்க வெந்நீர் வேண்டும். நிலம், நகரியைத் தாண்டிச் சென்னை சாலையோரம். அந்த ஊர்க் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, "எங்க பொண்ணுங்க விடியறதுக்கு முன்ன பஸ் ஏறி எல்லை தாண்டிப் போவுதுங்க மேடம். இங்கயே ஒண்ணு வந்தா, ஒரு வாய் துன்னுட்டாவது போவும்" என்றாள். மேடம் மறுநாள் பிளாஸ்க் வாங்கினார்.

எங்கள் மாவட்டத்துக்கு எந்த விருந்தினர் வந்தாலும் முதலில் திருமலை, பிறகுதான் வேலை. இப்படி எந்த அரசாணையும் இல்லை. எந்த அரசாணையும் இவ்வளவு ஒழுங்காக அமலானதும் இல்லை. மேடம் வாதாடினார். "முதல்ல நிலம் சார், அப்புறம் மலை. சாமி அங்கயேதான் இருப்பார். இவங்களுக்கு ராத்திரி ஃப்ளைட்." மேலிடத்தில் இருந்தவர் சிரித்தார். "ஏம்மா, பெருமாளைப் பார்க்காம ஒப்பந்தமா? நல்ல காரியத்துல அபசகுனமா பேசாதீங்க."

தரிசனம் சீக்கிரமே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எங்கள் திறமை வெளிப்பட்டது. திருப்பதி விருந்தினர் மாளிகையில் சால்வை, சால்வை போர்த்தியவர்களோடு படம், படத்தில் விடுபட்டவர்களுக்காக இன்னொரு சால்வை, பிறகு விருந்து. நானும் மேடமும் காலையிலிருந்து நிலத்தில் நின்றிருந்தோம். வெந்நீர் ஆறிவிடுமோ என்று மேடம் அவ்வப்போது எதிர் டீக்கடைக்குப் போய் மாற்றி வந்தார். "இன்னா மேடம், வருவாங்களா?" என்று கூடியிருந்த ஊர்ப் பெண்கள் கேட்டார்கள். "வந்துக்கினே இருக்காங்க" என்றார், அவர்கள் பேச்சிலேயே.

பொழுது சாய்ந்தபின் கார்கள் வந்தன, விமான நிலையத்துக்குப் போகும் வேகத்தில். மேடம் சாலையோரம் வந்து கையை நீட்டினார். முதல் கார் நிற்கவில்லை. இரண்டாவது நின்றது. லட்டுப் பையோடு ஒரு பெரியவர் இறங்கினார். கோப்பை வெந்நீரை இரண்டு கைகளாலும் வாங்கிக் குடித்துக்கொண்டே நிலம் இருந்த பக்கம் பார்த்தார். அங்கே இருட்டுதான் இருந்தது. மேடத்துக்குத் தலை தாழ்த்தி வணங்கிவிட்டுக் காரில் ஏறினார். தொழிற்சாலை எல்லைக்கு அப்பால் வந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களை ஏற்றிப்போக அதன் பஸ் இன்றும் விடியுமுன் வருகிறது.

போன வாரம், ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் எனக்கு இப்போதைய அதிகாரி போன் செய்தார். அதே நிலம், வேறு கம்பெனி, வியாழக்கிழமை வருகை. "உங்களுக்கு எல்லா நடைமுறையும் தெரியும், புரோகிராம் எப்படிப் போடலாம் சார்?" முதலில் நிலம் என்றேன். "நல்ல ஜோக் சார்" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பிளாஸ்க்கை இறக்கிக் கழுவி, கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மாலை வரை சூடு நிற்கிறதா என்று பார்த்தேன். நிற்கிறது. வியாழக்கிழமை நகரிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்றும் கேட்டு வைத்திருக்கிறேன்.