ஒன்றேகால் கஜம் வெள்ளைத் துணி

கிருஷ்ணகிரி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. மீட்டர் வரவில்லை, துணியைக் கஜத்தில்தான் அளப்போம். கிருஷ்ணகிரியில் ஒரு ஜவுளிக்கடையில் நான் விற்பனையாளனாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. வாரத்தில் ஒரு நாள் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய், படுதா கட்டிக் கடை விரிப்போம். முதலாளியின் மச்சான் கல்லாப் பெட்டியடியில் உட்கார்ந்துகொள்வார். விற்பதும் அளப்பதும் வெட்டுவதும் என் வேலை.

அது மாட்டுச் சந்தை. மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்த கையோடு வந்து சட்டைத் துணியைப் பிரித்துப் பார்ப்பார்கள். இழுப்பார்கள், முகர்வார்கள், வெயிலில் தூக்கிப் பிடிப்பார்கள். ஒருவர் நூலை உருவி வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு, "ருசி சரியில்லை" என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஓர் அம்மாள் பதினெட்டுப் புடவைகளைப் பிரிக்கச் சொல்லி, கடைசியில் தான் கட்டியிருந்ததே நன்றாக இருக்கிறது என்று சந்தோஷமாகக் கிளம்பினாள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் எனக்கு விலை சொல்லத் தெரியும், "சாயம் போகாது" என்று சத்தியம் செய்யத் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. தேவைப்பட்டதும் இல்லை.

அன்று பதினொரு மணி இருக்கும். நல்ல வெயில். ஓர் ஆள் வந்து படுதா நிழலுக்கு வெளியிலேயே நின்றான். இடுப்பில் ஒரு துண்டு, முட்டிவரை மண். குருபரப்பள்ளிப் பக்கம் ஏதோ பட்டியில் கூலி வேலை செய்கிறவன் என்று பார்த்தாலே தெரிந்தது. கையில் ஒரு சணல் கயிறு. "தெல்ல குட்ட" என்றான். வெள்ளைத் துணி வேண்டுமாம்.

யாருக்கு என்று கேட்டேன். பெண் பிள்ளைக்கு என்று தமிழிலேயே சொன்னான். எத்தனை கஜம் என்றதற்குப் பதில் சொல்லாமல் கயிற்றை நீட்டினான். அந்த நீளத்துக்கு வேண்டுமாம். கஜக்கோலில் வைத்துப் பார்த்தேன். ஒன்றேகால் கஜம் வந்தது. பாவாடைக்கு இடுப்பை அளக்காமல் ஆளையே அளந்துகொண்டு வந்திருக்கிறானே என்று எனக்குச் சிரிப்பு. மச்சானும் சிரித்தார்.

நான் என் பாட்டை ஆரம்பித்தேன். பெண் குழந்தைக்கு யாராவது வெள்ளை எடுப்பார்களா, இதோ சிவப்பில் பூப்போட்டது இருக்கிறது என்று ஒரு சீட்டித் துணியை விரித்துப் போட்டேன். அவன் குனிந்து அந்தப் பூவை ஒரு விரலால் தொட்டான். அப்படியே நின்றான். சரி, விழுந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கையை எடுத்துக்கொண்டு மறுபடியும் வெள்ளையைக் காட்டினான்.

வெள்ளை என்றால் ஒரே நாளில் மண்ணாக்கிவிடுமே, துவைத்தே உன் சம்சாரம் ஓய்ந்துபோவாள் என்றேன். "ஆக்காதுங்க சாமி" என்றான். அவ்வளவு அடக்கமான பெண்ணா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினான்.

வெள்ளை மல் துணியை எடுத்தேன். பத்து வருஷம் உழைக்கும் என்று சொன்னேன். அதற்கும் தலையாட்டினான்.

அளக்கும்போது நாங்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. கோலில் வைக்கும்போது துணியை இரண்டு கையாலும் கொஞ்சம் இழுத்துப் பிடிப்போம். கஜத்துக்கு மூன்று விரல் கடைக்கு மிச்சம். மல் நன்றாக இழுபடும். கோலில் இருக்கும்வரை அளவு கனகச்சிதமாக இருக்கும், வெட்டிக் கொடுத்த பிறகுதான் சுருங்கும். அவன் கண்ணெதிரிலேயே இழுத்தேன். கயிற்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். சரியாக இருந்தது. அவன் துணியை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு வேகமாகப் போனான். ஒரு கேள்வி கேட்கவில்லை, பேரம் பேசவில்லை. எல்லோரும் இப்படி இருந்தால் நம் பிழைப்பு எவ்வளவு சுகம் என்று மச்சானிடம் சொன்னேன்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தான். வேர்த்து நனைந்திருந்தான், ஓடி வந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் வாங்கியவன் திரும்பி வந்தால் ஒரே அர்த்தம்தான். அவன் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"கிழிச்ச துணி வாபஸ் கிடையாது, தெரியுமில்ல?"

"திருப்பிக் குடுக்க வரலீங்க சாமி" என்றான். "அது புள்ள மேல இருக்குது. தலைய மூடினா காலு வெளிய தெரியுது. நாலு விரல் பத்தல."

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. அவன் அதற்குள் தன்னைத்தானே குற்றம் சொல்ல ஆரம்பித்திருந்தான்.

"நான் கயிறு வெச்சப்போ கொஞ்சம் சுருண்டு படுத்திருந்துச்சு. அப்புறம் குளிப்பாட்டி நேரா வெச்சாங்க. நான்தான் சரியா அளக்கல. ஒரு முழம் துண்டு இருந்தா குடுங்க, காலை மட்டும் மூடிக்கிறோம்."

மச்சான் பெட்டியின் மூடியைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார். காலையில் நான் பேசியதெல்லாம், மண்ணாக்கும், துவைத்து ஓய்வாள், பத்து வருஷம் உழைக்கும் என்று ஒவ்வொன்றாக என் காதிலேயே திரும்ப விழுந்தது.

மல் கட்டை உருட்டி, கோலே வைக்காமல் இரண்டு கஜத்துக்கு மேல் கிழித்தேன். இவ்வளவு வேண்டாம் என்றான். ஒட்டுப்போட வேண்டாம், இந்தப் புதுத் துணி ஒன்றையே போட்டு மூடுங்கள் என்றேன். நான்தான் இழுத்து அளந்தேன் என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. மச்சான் பக்கத்தில் இருந்தது ஒரு காரணம். அவர் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

"நீ சரியாத்தான் அளந்தே" என்றேன். "துணிதான் சுருங்கிடுச்சு."

"அப்போ எம்மேல தப்பில்லைங்களா?"

"இல்ல."

அவன் என்னைக் கும்பிட்டான். அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மாடுகளுக்கு நடுவே புகுந்து ஓடினான். அடுத்த நிமிஷம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து ஜமக்காளம் கேட்டார்கள். கோடு அகலமா குறுகலா என்று இருவருக்கும் சண்டை. நான் ஜமக்காளங்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றோடு அந்த வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. ஒரு மாதம் இழுக்காமல் அளந்தேன். கட்டு சீக்கிரம் தீர்கிறதே என்று முதலாளி கேட்டார். மறுபடியும் இழுக்க ஆரம்பித்தேன். வெள்ளையை மட்டும் தளர்த்தி அளந்தேன். அதைப் பெரிய தர்மம் என்று சில காலம் என்னையே நம்பவைத்துக்கொண்டேன்.

அவனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ சந்தைகளில் கூட்டத்தில் தேடியிருக்கிறேன். ஆனால் தேடும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த மனிதன் ஒரே நாளில் இரண்டு முறை என் எதிரில் நின்றான், அவன் கையையும் கயிற்றையும் பார்த்தேனே தவிர முகத்தை நான் பார்க்கவே இல்லை. அதற்கப்புறம் அவன் எத்தனை முறை என் கடைக்கு வந்து, நான் அளந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனானோ, எனக்குத் தெரியாது.