மச்சானின் பஸ்ஸும் என் இரைப்பையும்

மலம் தார் போலக் கறுத்துப்போனதுதான் முதல் அறிகுறி. அன்று சங்ககிரியில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது கண் இருட்டியது. வெயில் என்று நினைத்து, டிரிப்பை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். நிறுத்தியிருக்கலாம். ஆனால் பின்னால் மச்சானின் பஸ் வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுகள் அவை. சேலம் - சங்ககிரி சாலையில் எனக்கு ஒரு பஸ், நானே ஓட்டினேன். என் மனைவி பாவாயியின் அண்ணன் முத்துசாமிக்கு அதே சாலையில் இரண்டு. அவர் மூன்றாவது வாங்குவதற்குள் நான் இரண்டாவது வாங்கிவிட வேண்டும். வேறு ஆசை எனக்கு இருந்ததாக நினைவில்லை. அவரை முந்துவதற்காகச் சோற்றுத் தூக்குவாளியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்த நாட்கள் பல.

சேலத்து டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அல்சர் (இரைப்பையின் உட்சுவரில் உண்டாகும் புண்) என்றார். கசியும் ரத்தம் குடலில் இறங்கும்போது கறுத்துவிடுமாம். ஏன் வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று கேட்டார். மச்சானைப் பற்றிச் சொன்னேன்.

“உமக்கு எத்தனை பஸ்?”

“ஒண்ணுங்க.”

“அவருக்கு?”

“ரெண்டுங்க.”

“வயிறு?”

பாவாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மருத்துவமனையிலேயே சேர்த்துக்கொண்டார். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. மணிக்கொரு தரம் பால். இடையிடையே, அமிலத்தை (இரைப்பையில் சுரக்கும் புளிப்பு நீரை) முறிக்கும் வெள்ளைப் பொடி. புளி, மிளகாய் வாசனைகூட இல்லை.

நான் இல்லாமல் பஸ் நின்றுவிட்டால் அதற்கு ஒதுக்கப்பட்ட என் நேரத்தை வேறொரு பஸ்காரர் கேட்டு வாங்கிவிடலாம். “ஆள் போட்டு ஓட்டிக்கறோம், நீங்க படுங்க” என்றாள் பாவாயி. யார் அந்த ஆள் என்று நான் கேட்கவில்லை.

மருத்துவமனை சாலையோரத்தில் இருந்தது. அங்கேதான் சிக்கல். அக்காலத்தில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ரப்பர் பந்தை அமுக்கி ஊதும் ஹாரன் ஒன்று உண்டு. மச்சானுடையது இரட்டைக் குரலில் ஒலிக்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் குடித்த பால் எதுக்களித்தது.

ஒரு காலை, என் பஸ் போகவேண்டிய நேரத்தில் அந்த இரட்டைக் குரல் கேட்டது. என் நேரத்தை அவர் வாங்கிவிட்டார் என்று முடிவு கட்டினேன். கட்டிலிலிருந்து இறங்கி வாசல் கதவு வரை போனேன். அங்கே காப்பித்தூள் போல வாந்தி எடுத்தேன், பிறகு சிவப்பாக.

மாலையில் முத்துசாமி வந்தார்.

“உங்க ஹாரன் ரப்பரு கிழிஞ்சு போச்சுங்க மாப்ள. ஹாரன் இல்லாமப் போனா போலீஸ்காரன் புடிப்பானில்ல? அதான் என்ற ஹாரனைக் கழட்டி மாட்டினேன். நாந்தானுங்க ஓட்டறேன்.”

“கூட்டம் இருக்குதுங்களா மச்சான்?”

“நிக்க இடமில்லீங்க. பைய ஓட்டறனில்ல, பொம்பளையாளுக எல்லாம் உங்க பஸ்ஸுக்குத்தான் காத்திருக்கறாங்க. இன்னுங் கொஞ்ச நாள் நீங்க படுத்திருந்தா பஸ்ஸு தேறிக்கும்.”

எஞ்சின் என்னுடையது. ஹாரனை மட்டும் கேட்டவனுக்குத் தன் எஞ்சின் காதில் விழவில்லை.

நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பஸ்ஸையே என்னைவிட நன்றாக ஓட்டுகிறார் என்ற புதுப் பொறாமைதான் வந்தது. மறுநாளே எழுந்து ஓட்டப்போகிறேன் என்றேன். இன்னொரு முறை ரத்தம் கொட்டினால் தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அதற்கும் நான் அசையவில்லை.

பாவாயி பால் தம்ளரை நீட்டினாள். “ஏனுங்க, எங்கண்ணன் மூணாவது பஸ் வாங்கறதைப் பாத்து வயிறெரியறதுக்காச்சும் நீங்க இருக்கோணுமில்ல?”

வாங்கிக் குடித்தேன். சொன்னபடி படுத்திருந்தேன். அறிவுரையால் அல்ல, அந்தக் கேலியால் பிழைத்தேன்.

இரைப்பைப் புண்ணோடு இதைப் படிப்பவர்களுக்கு, பொறாமை தீர்ந்துவிட்டது என்று என்னால் எழுத முடியாது. இன்று என் நாள் டிரிப்புக் கணக்கில் ஓடுவதில்லை. வயிறு காலியாகும் கணக்கில் ஓடுகிறது. பசித்தால் பஸ்ஸை ஓரங்கட்டிச் சாப்பிடுகிறேன். மற்றவர்கள் முந்திப் போகிறார்கள்.

முத்துசாமி மூன்றாவது பஸ் வாங்கினார். பூஜைக்குப் போயிருந்தேன். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்கியபோது நெஞ்சுக்குக் கீழே எரிந்தது. முன்பெல்லாம் அதை ஒரே எரிச்சல் என்றே நினைத்திருந்தேன். ஓரமாக உட்கார்ந்து இரண்டு இட்லி தின்றேன். பாதி அடங்கியது. அது பசி.

அடங்காத பாதி எது என்று தெரிந்தது. அதற்காக ஓட வேண்டியதில்லை என்றும் தெரிந்தது. இன்னொரு இட்லி கேட்டேன்.