பிரேக் அக்காவின் ரத்தம்

டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பெயர் 'பிரேக் அக்கா'. பக்கத்து இருக்கையிலிருந்து அவர் போடும் கூச்சலில், கற்றுக்கொள்ள வந்தவர்கள் மட்டுமல்ல, எதிரே வரும் லாரிக்காரர்களும் வண்டியை நிறுத்திவிடுவார்கள்.

வீட்டிலும் அதே அதிகாரம்தான். அவருக்குக் காலையில் ஓட்டம், இரவில் அரை வயிறு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவரோ சோபாவோடு ஒட்டிப் பிறந்தவர். அவரைப் பயமுறுத்தித் திருத்த ஒரு வழி கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு. ரத்தத்தில் ஓடும் புரதங்களையும், உடம்பு சாப்பாட்டைச் செரித்து எரிக்கும்போது உண்டாகும் நுண்பொருள்களையும் அளந்து, பின்னால் எந்த நோய் எட்டிப்பார்க்கும் என்று கணிக்கிறார்களாம். கணவரை இழுத்துப்போன அக்கா, துணைக்குத் தானும் கையை நீட்டினார்.

முடிவு வந்தது. கணவருக்குக் கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான். சிறுநீரகம் பழுதாகும் அபாயம் அக்காவுக்கு.

"ட்யூபை மாத்திட்டீங்க டாக்டர்! இவரைப் பாருங்க, என்னைப் பாருங்க!"

"ரெண்டு தடவை பாத்தாச்சும்மா. நோய் வந்துடுச்சுன்னு சொல்லல, வர்ற வாய்ப்பு அதிகம்னு சொல்றோம். ஏதாவது மாத்திரை போடுறீங்களா?"

அக்கா மேசை விளிம்பைச் சுரண்டினார். "முதுகு வலிக்கு... சும்மா ஒண்ணு ரெண்டு."

"தினமுமா?"

"வலி தினமும் வருதே டாக்டர்."

"வலி மாத்திரையைத் தினமும் போட்டா சிறுநீரகம்தாம்மா அடிவாங்கும்."

கணவர் வாயைப் பிளந்தார். ஸ்கூல் காரின் தொய்ந்த இருக்கையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து அக்காவின் முதுகு போயிருந்தது. கைப்பையில் வலி மாத்திரையை ஒளித்துக்கொண்டுதான் ஊருக்கே ஆரோக்கியப் பாடம் எடுத்திருக்கிறார்.

"நான் ஒரு பிஸ்கட் எடுத்தா போலீஸ் மாதிரி பிடிப்ப. நீ பையில மருந்துக் கடையே வச்சிருக்க!" கணவர் பஸ் ஏறும்வரை சிரித்தார். வீட்டுப் பூட்டைத் திறந்ததும் சிரிப்பை நிறுத்தி, அக்காவின் பக்கம் திரும்பினார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஓடாதேம்பீங்க. அப்புறம் உங்களை யார் ஓடவைக்கிறது?"

மாத்திரை நின்றது. வலி நிற்கவில்லை. புது இருக்கை கேட்டதற்கு ஸ்கூல் முதலாளி "பாக்கலாம்" என்று இழுத்தார். அக்கா அவரையே அந்த இருக்கையில் உட்காரவைத்து, குண்டும் குழியுமான சாலையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அந்த வாரமே இருக்கை மாறியது. முதுகுக்கான பயிற்சிகளை அக்கா தரையில் படுத்துச் செய்ய, கணவர் சோபாவில் படுத்தபடி அதட்டினார்: "இன்னும் மேல, இன்னும் மேல!" இந்தப் பதவி அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அடுத்த பரிசோதனையில் அபாயம் சற்று இறங்கியிருந்தது, ஒழிந்துவிடவில்லை.

"ஆறு மாசம் கழிச்சு வாங்க," என்றார் டாக்டர்.

"வர்றோம்," என்றார் கணவர், அக்காவை முந்திக்கொண்டு.