தவக்காலத்தில் நெடுந்தீவு: ஒரு பெட்டி இரத்தக் குப்பியும் ஒரு சொல்லும்

மார்ச் மாதப் புதன்கிழமை ஒன்றில் நெடுந்தீவுக்குப் போனேன். கடற்கரை பார்க்க அல்ல. கடல்மீனில் செலினியம் என்ற சத்து இருக்கிறது; தைராய்டுக்கும் நோயெதிர்ப்புக்கும் அது வேண்டும். அதை உடம்பில் காவித்திரிய ஈரல் ஒரு புரதம் செய்கிறது. சாப்பாட்டில் செலினியம் போதாமல் போனால், சில கிழமைகளில் இரத்தத்தில் அந்தப் புரதமும் குறைந்துவிடும். தினமும் மீன் சாப்பிடும் இருபது பேரிடம் அதை அளப்பதுதான் என் பட்டப்படிப்பு ஆய்வு. அது பிழையாகிப் போனால் ஒரு வருட உழைப்பு வீண்.

யாழ்ப்பாணத்தில் ஆறரைக்குப் பேருந்து. ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்தில் குறிகட்டுவான் துறை. எட்டரைப் படகு, ஒரு மணிநேரக் கடல். ஐஸ் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் இறாலோ என்று கேட்டார்.

ஆக்னஸ் அக்கா மீனவர் குடும்பம். ஆட்களைச் சேர்த்துத் தந்தவரும் அவர்தான். என்னோடு வந்த தாதி ஊசியைத் திறக்குமுன் எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் வைத்தார். நான் பகிடியாகக் கேட்டேன்.

“மீன் எங்கை அக்கா?”

“தவக்காலமெல்லே பிள்ளை. நாப்பது நாளும் எங்கட ஆக்கள் மச்சம் தொடமாட்டினம். பிடிக்கிறதெல்லாம் யாழ்ப்பாணம் போகுது.”

கிழங்குத் தட்டைக் கீழே வைத்தேன். அவர் முன்கூட்டியே நிரப்பி அனுப்பிய படிவத்தை எடுத்துக் காட்டினேன். “ஏழு நாளும் மீன் எண்டு போட்டிருக்கிறீங்களே?”

“ஓம், நீர் ‘வழமையாக’ எண்டெல்லே கேட்டனீர். வழமையா ஏழு நாளும்தான்.”

பிழை அவருடையதல்ல, அந்தச் சொல்லை எழுதிய என்னுடையது. படகு அட்டவணையை மூன்று தரம் பார்த்தவள், தேவாலயக் கலண்டரைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் வெறும் பெட்டியோடு திரும்பவும் மனம் வரவில்லை. மீன் இல்லாத நாளின் இரத்தம் இன்று, மீன் சாப்பிட்ட பிறகு இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டால் ஆய்வு முன்னையதைவிடப் பலமாகும். இரண்டாம் தரம் இரத்தம் எடுக்க அவர்களிடம் அனுமதி மட்டும் புதிதாக வாங்க வேண்டும். கேட்டேன்.

“ரெண்டாம் தரமும் குத்துவீரோ?” ஆக்னஸ் அக்கா யோசித்தார். “ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டு மாசத்தால வாரும். ஆனா முடிவை என்ர கையில தரோணும். முந்தி வந்தவை இரத்தத்தைக் கொண்டு போனவை, ஒண்டும் சொல்லேல்லை.”

இருபது பேரும் கை நீட்டினார்கள். இரண்டரைப் படகைப் பிடித்தேன். ஐஸ் உருகவில்லை.

இப்படி வேலைக்குப் போகிறவர்களுக்கு: படகு நேரத்தைத் துறைமுகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள், காற்றுக்கு மாறும். கோவில், தேவாலயக் கலண்டரையும் பாருங்கள். “வழமையாக” என்று கேட்காதீர்கள், “போன மாதம்” என்று கேளுங்கள்.

யூன் மாதம் மறுபடி போனேன். மீன்குழம்பு வைத்திருந்தார்கள். முதலில், மார்ச் இரத்தத்தின் முடிவை அவரவர் பெயரோடு எழுதிய இருபது தாள்களைக் கொடுத்தேன். ஆக்னஸ் அக்கா தன்னுடையதை இரண்டு தரம் வாசித்து மடித்து வைத்துவிட்டு, கேட்காமலே சட்டைக் கையை உயர்த்தினார்.