மிஸ் அங்காளாவின் வீடு

இந்த ஊரில் வீடுகளுக்குப் பெயர் கிடையாது. அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கத்து ரிச்சர்ட்சன் ஊருக்கு வந்த புதிதில் அதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தலாக இருந்தது. தெருவோரத்துச் சிமெண்ட் விளிம்பில் பெயிண்டால் ஓர் எண் எழுதியிருக்கும், அவ்வளவுதான். நம் பக்கத்தில் ஓட்டு வீடாக இருந்தாலும் நிலைக்கு மேலே குலதெய்வத்தின் பெயரை எழுதிப் பக்கத்தில் 'துணை' என்று போட்டால்தான் குடிபோக மனசு வரும். இங்கே எழுத இடமும் இல்லை. எழுதினால் ஏன் என்று கேட்க ஆள் வரும். ஆனால் வாசலில் பெயரில்லாத இதே ஊரில், எந்த வீடு யாருடையது என்பதை முன்பின் தெரியாதவர்கூடக் கவுண்டி ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நம் தாலுகா ஆபீஸ் மாதிரிதான், என்ன, யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

நான் பெரிய படிப்பு படித்தவனில்லை. தாராபுரம் பக்கம் ஐ.டி.ஐ. ஃபிட்டர். அக்கா மனுப் போட்டு, கிரீன் கார்டு வந்து, டெலிபோன் கருவி செய்யும் கம்பெனியில் சர்க்யூட் போர்டு மாட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்காளம்மன் புண்ணியத்தில் குடியிருக்க ஒரு வீடு வாங்கினோம். பிறகு வாடகைக்கு விட ஒரு டூப்ளெக்ஸும் வாங்கலாம் என்று துணிந்தோம். டூப்ளெக்ஸ் என்றால் ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், இரண்டு பக்கமும் குடித்தனம். அதே கம்பெனியில் என்ஜினியராக இருந்த முருகேசன் இந்த மாதிரி இரண்டு மூன்று வீடு வாங்கிப் பழகியவர். அவர்தான் குறுக்கே கை நீட்டினார்.

"அண்ணே, உங்க பேர்ல வாங்காதீங்க. ரெண்டு வீட்டுக்காரர்னு தெரிஞ்சா கேஸ் போட ஆள் தேடிட்டு வரும். லேண்ட் டிரஸ்ட் போட்டு டைட்டிலை அதுல ஹோல்ட் பண்ணுங்க. நான் டிரஸ்டியா இருக்கேன்."

"உங்க பேர்ல இருந்தா அப்புறம் வீடு உங்களுதாயிடாதுங்களா?"

"ஆகாது. வெளிய பத்திரத்துல டிரஸ்டின்னு என் பேரு. உள்ள ஒரு அக்ரிமெண்ட்ல பெனிஃபிஷியரி, அதாவது அனுபவிக்கிறவர்னு உங்க பேரு. அதை எங்கயும் பதிய மாட்டாங்க. நீங்க வில்லுன்னா நான் விக்கணும். நான் சும்மா பொம்மைண்ணே."

பத்திரம் எழுத அவர் கூட்டிப்போன வக்கீல் அம்மாளும் அதையேதான் சொன்னார். வழக்கு வந்தால் இது தடுக்காது, தேடுகிறவர் கண்ணில் உங்கள் பெயரைப் படாமல் வைக்கும், அவ்வளவுதான் என்றும் நேர்மையாகச் சொன்னார். எனக்கு இது உடனே பிடிபட்டது. நம் ஊர்க் கோயில் நிலமும் இப்படித்தானே? பட்டா சாமி பெயரில், பார்த்துக்கொள்வது தர்மகர்த்தா. டிரஸ்டுக்கு என்ன பெயர் என்று அந்த அம்மாள் கேட்டபோது, எல்லோரும் தெருப் பெயரை வைப்பார்கள் என்று முருகேசன் காதைக் கடித்தார். என் வாயில் தானாக வந்தது: "அங்காளம்மன்." பக்கத்திலிருந்த என் மனைவி கமலம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வக்கீல் அம்மாள் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார்.

வாடகைக்காரரிடம் ஓனர் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள், மேனேஜர் என்று சொல்லுங்கள், எது கேட்டாலும் ஓனரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள் என்பது முருகேசன் கற்றுக்கொடுத்த இன்னொரு பாடம். இதில் பொய் வாடை அடித்தது எனக்கு. ஒரு பக்கம் ஒரு என்ஜினியர் குடும்பம், மறுபக்கம் டோரத்தி என்ற விதவை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாடகைச் செக்கில் டிரஸ்டின் பெயரை எழுதும்போது, முழுப் பெயர் வாயில் நுழையாமல் டோரத்தி கேட்டார்: "அங்காளா என்பவர்தான் ஓனரா?"

"ஆமாம்."

"பெண்மணியா?"

"ஆமாம்."

"வயசானவரோ?"

"ரொம்ப" என்றேன். இதில் எதுவும் பொய்யில்லை.

அன்று முதல் அவருக்கு அது 'மிஸ் அங்காளா'. டெக்சாஸில் மரியாதைப்பட்ட மூத்த பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். வாசல் கதவுக்குச் சிவப்பு அடிக்க மிஸ் அங்காளா சம்மதிப்பாரா என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்து, வீட்டில் கோட்டு மாட்டும் அலமாரியை ஒழித்து நாங்கள் வைத்திருந்த பூஜை இடத்தின் முன்னால் நின்று நிஜமாகவே கேட்டேன். கமலம் அடுப்படியிலிருந்து, "செவப்பு வேண்டாம்னு அம்மா சொல்லுமாக்கும்? போயி அடிச்சுக்கச் சொல்லுங்க" என்றாள். அதற்குப் பிறகு டோரத்தி எது கேட்டாலும் அங்கே போய் நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இரண்டாயிரத்து ஒன்றில் டெலிபோன் கம்பெனிகள் சரிந்ததை இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு வேலை போனது. டூப்ளெக்ஸில் இருந்த என்ஜினியர் குடும்பம் ஊருக்கே திரும்பிவிட்டது. இரண்டு வீட்டுக் கடனையும் இனித் தாங்க முடியாது, ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். முருகேசன் யோசிக்கவே இல்லை. "டூப்ளெக்ஸை வித்துடுங்கண்ணே. வாங்கற ஆளு காலியாத்தான் கேக்கறாரு. அந்தம்மாவுக்கு நோட்டீஸ் குடுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

ராத்திரி வீட்டில் இதைச் சொன்னதும் கமலம் சோறு பிசைவதை நிறுத்தினாள். "ஏனுங்க, அம்மா பேர்ல எழுதிப்போட்டு, இப்ப நாம விக்கறதுன்னா எப்படிங்க?"

"பேருதான் கமலம் அது. அனுபவிக்கிறவங்க நாமதான்னு எழுதியிருக்குது."

"கோயல் சொத்த அனுபவிச்சவங்க நல்லா இருந்து பார்த்திருக்கீங்களா?"

பன்னிரண்டாவது படிக்கும் எங்கள் மகள் வித்யா, "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ நேம்" என்றாள். மறைப்புக்காக வைத்த பெயர் என்பது எனக்கும் தெரியாதா? ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விற்க மனசு ஒப்பவில்லை. விற்காவிட்டால் இரண்டும் போகும்.

டோரத்தியிடம் போய், ஓனர் விற்கும்படி ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அவர் சண்டை போடவில்லை. "மிஸ் அங்காளாவை ஒரு தடவை நேரில் பார்க்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். வாருங்கள் என்று எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஞாயிறு சர்ச் முடிந்து, தலையில் தொப்பியும் கையில் பீச் பழப் பலகாரமுமாக வந்து இறங்கினார். யாரோ காரில் கொண்டுவந்து விட்டார்கள். கமலம் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், "இதுக்கு மேல மறைக்கறது நல்லால்லீங்க. அம்மாவக் காட்டிரலாம். பலகாரத்துல முட்டை இருக்கும், அதைய அங்கே கொண்டாராதீங்க" என்றாள். பிறகு அவளே போய் அலமாரிக் கதவைத் திறந்தாள். உள்ளே சூலத்தோடு அம்மன், கீழே விளக்கு.

டோரத்தி எட்டிப் பார்த்தார். "இவரா?"

"ஷி இஸ் அவர் காடெஸ்" என்றாள் வித்யா, கூச்சத்தோடு. வீட்டின் பெயர்க் கதை முழுவதையும் அவளே விளக்கிச் சொன்னாள். சிரிப்பார் அல்லது கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் எங்கள் வெறுங்காலைப் பார்த்தார். குனிந்து தன் செருப்பைக் கழற்றினார்.

"என் ஆண்டவரைத் தவிர நான் யாரையும் கும்பிட மாட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று எங்களிடம் சொன்னார். "ஆனா வீட்டு ஓனர்கிட்டப் பேசலாம். அதில் பாவம் ஒன்றுமில்லை." பிறகு அம்மனைப் பார்த்து, "மேம், கதவுக்குச் சிவப்பு அடிக்க விட்டதற்கு நன்றி. எனக்குக் கார் ஓட்ட வராது. அங்கிருந்து சர்ச் நடக்கிற தூரம். நான் அங்கேயே இருந்துவிட ஆசைப்படுகிறேன்" என்றார். கைகூப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலத்தான் பேசினார். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

அவர் போன பிறகு கமலம் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னாள், "நம்ம வீட்ட வித்துப்போடலாமுங்க."

"இதையா? அப்புறம் எங்கே போய் இருக்கறது?"

"அங்கதான் ஒரு பக்கம் காலியாக் கெடக்குதல்லோ. இது நம்ம பேர்ல இருக்கறதுதானுங்களே. இதைய விக்கறதுக்கு யாரைக் கேக்கோணும்?"

வித்யா, "அப்பா, சீரியஸ்லி?" என்று கத்தினாள். தன் அறை போகிறதே என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முருகேசன், "டிரஸ்ட் போட்டுட்டு டிரஸ்டுக்கே பயந்த ஆளு உலகத்துல நீங்க ஒருத்தர்தாண்ணே" என்று சிரித்தார். சிரித்தாலும், சாமான் ஏற்றும் லாரியை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது மளிகைக் கடையொன்றில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை கமலம் சாம்பிராணி போட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் டோரத்தி தும்முவது கேட்கும். ஞாயிறு காலை அவர் பாடும் பாட்டு எங்கள் அடுப்படியில் கேட்கும். தாராபுரத்தில் அப்பா பிரித்துக் கொடுத்த வீட்டின் வரி ரசீது இன்னும் என் பெயரில்தான் வருகிறது. அதில் தம்பி குடியிருக்கிறான். நான் குடியிருக்கும் இந்த வீட்டைக் கவுண்டி ஆபீசில் தேடினால் என் பெயர் வராது.

போன வாரம் கேபிள் இணைப்புக் கொடுக்க ஒரு பையன் வந்தான். சுவரில் துளை போட வேண்டுமாம். "நீங்கள் ஓனரா, வாடகைக்கு இருக்கிறீர்களா?" என்று கேட்டான். பக்கத்து வாசலில் உட்கார்ந்திருந்த டோரத்தி எனக்கு முந்திக்கொண்டு குரல் கொடுத்தார்:

"வாடகைதான் தம்பி. மிஸ் அங்காளா வீடு இது. இவங்களும் என்னை மாதிரித்தான்."

நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, துளை போடலாமா என்று கேட்டு வர உள்ளே போனேன்.