எங்கட குமார்

தேநீர் ஆறிப்போனாலும் ஏரம்பமூர்த்திக்குக் கவலையில்லை. முகநூலில் குமாருக்கு விருப்பம் போட்டவர்கள், பின்னூட்டம் எழுதியவர்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான் கோப்பையைத் தொடுவார். "டொரொண்டோச் சனம் முழிச்சிட்டுது" என்று மனைவி புஷ்பவதிக்கு அறிவிப்பார். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

புலம்பெயர்ந்து வந்த நகரத்தில் மாசி என்ற பகுதியில் வீடு, மங்கரே என்ற இன்னொரு பகுதியில் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. ஆங்கிலம் நன்றாகவே பேசுவார். எழுதச் சொன்னால் மட்டும் கூச்சம் வந்துவிடும், மகள் வித்தியாவைக் கூப்பிடுவார். தமிழை ஒற்றை விரலால் தட்டுவார். அந்த ஒற்றை விரல்தான் ‘எங்கட குமார்’ என்ற பக்கத்தை உலகமெல்லாம் கொண்டுபோனது.

குமார் ஓய்வுபெற்ற ஸ்லோவீனிய உதைபந்தாட்டக்காரர். பின்வரிசையில் நின்று கோல் விழாமல் மறித்தவர். சுருட்டைத் தலை, மாநிறம், சட்டை முதுகில் குமார் என்று பெயர். பழைய ஆட்டமொன்றின் வீடியோவில் அதைக் கண்ட அன்றே மூர்த்தியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "குமார் எண்டு வெள்ளைக்காரன் பேர் வைப்பானோ? தேப்பன் எங்கட ஆள்தான்."

அப்படியே எழுதியும் போட்டார். லண்டன், பாரிஸ், யாழ்ப்பாணம் என்று சனம் அள்ளுப்பட்டு வந்தது. வயதானவர்கள் தமிழிலும் பிள்ளைகள் ஆங்கில எழுத்திலுமாக "வாழ்த்துகள் தம்பி" போட்டார்கள். ஒருவர் குமாரின் தகப்பனோடு ஒரே வகுப்பில் படித்ததாகவே எழுதினார். தான் விட்ட கதை தனக்கே சாட்சியாகத் திரும்பி வந்ததும் மூர்த்தியருக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

பின்வரிசைக்காரன்மேல் ஏன் இத்தனை பாசம் என்று கேட்டால், பள்ளிக்கூட அணியில் தானும் அங்கேதான் நின்றதாகச் சொல்வார். "கோல் அடிச்சவனைத் தோளில தூக்குவினம். மறிச்சவனை ஆர் பாக்கினம்?"

போன சனிக்கிழமை காலை, குமாரே அந்தப் பக்கத்துக்குச் செய்தி அனுப்பினார். மூர்த்தியர் எழுந்து நின்றுகொண்டு வித்தியாவை வாசிக்கச் சொன்னார்.

"அப்பா, ஹீ இஸ் நாட் டமில். அவரின்ட ஊரில நிறையக் குமார் ஃபேமிலி இருக்காம். ஆல் ஸ்லோவீனியன்."

மூர்த்தியரின் முகத்தில் ஈயாடவில்லை.

"குமார் அங்கயும் இருக்கோ?" என்றார். பிறகு, "தேப்பனோட படிச்சவர் எண்டும் ஒராள் எழுதினவரே..." என்றார்.

"பேசாமப் பக்கத்தை அழிச்சுவிடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் புஷ்பவதி.

"இவ்வளவு சனமும் என்னை நம்பினது."

இத்தனை பேருக்கு முன்னால் பொய்யனாக நிற்பதை நினைக்கவே அவருக்கு உடம்பு கூசியது. ஆனாலும் ஒற்றை விரலால் தட்டினார்: ‘குமார் எங்கட ஆள் இல்லை. பிழை என்னிலதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.’ போட்டுவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

வித்தியா அதை எடுத்துக் குமாரின் செய்தியை மறுபடி பார்த்தாள். "அப்பா, தேர்ஸ் வன் மோர் லைன். எல்லாரும் தன்னைத் ‘தம்பி’ எண்டினமாம். அப்பிடியெண்டா என்ன எண்டு கேக்கிறார். நான் ரிப்ளை பண்ணவா?"

மூர்த்தியர் கையை நீட்டிக் கைபேசியை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி, ஒற்றை விரலால் தானே தட்டினார்: ‘மை யங்கர் பிரதர்.’