கழுகு மூக்கும் கங்காரு பையும்

கண்டக்டருக்கு வீடும் ஒரு பஸ்தான். சாப்பிட உட்கார ஒரு விசில், எழுந்து கிளம்ப இரண்டு. மனைவிக்குப் பழகிவிட்டது. மகளுக்குப் பழகவில்லை. போன வாரம் பள்ளிக்கூட வாசலில், தோழிகளோடு அரட்டையடித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட மனிதர் பழக்கதோஷத்தில் ஊதித் தொலைத்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. அன்றோடு மகள் அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பதிலுக்கு ஒரு படம் வரைந்து கூடத்துச் சுவரில் ஒட்டினாள். கொட்டும் மழையில் ஒரு மிருகம். ஒட்டகக் கழுத்து, ஆந்தைக் கண், கழுகு மூக்கு, வயிற்றில் கங்காரு பை, முதுகில் அகலமான வௌவால் இறக்கை.

"யாருடி இது?" என்று மனைவியைக் கேட்டார்.

"கண்ணாடி குளியலறையில இருக்கு, போய்ப் பாருங்க."

கண்டக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படத்தை போனில் எடுத்துப்போய் டிரைவரிடம் நீட்டினார்.

"கழுத்தப் பாருய்யா! கடைசி சீட்ல டிக்கெட் எடுக்காதவன எட்டிப் பாக்குற கழுத்து. பை, உன் தோல் பை. சந்தேகமே இல்ல, நீயேதான்."

"அப்ப மூக்கு?"

"மூக்க வேற நான் சொல்லணுமா?"

டிரைவர் சிரித்த சிரிப்பில் கை பட்டு ஹாரன் அலறியது. கண்டக்டர் சிரிக்கவில்லை. பெற்ற மகளுக்கே பூதமாகிப் போனோமா? அந்தக் கவலையில், இறங்க வேண்டியவர்கள் இறங்குவதற்குள் விசில் ஊதி ஊரார் வாயில் விழுந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்த மூக்கைக் கிட்டத்தில் பார்க்க, சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்தார். அதுவரை நாற்காலி முதுகு மறைத்திருந்த படத்தின் அடிப்பகுதி தெரிந்தது. இறக்கைக்கு அடியில் ஒரு குட்டிப் பெண். தோளில் பள்ளிக்கூடப் பை. இரண்டு காதிலும் விரல்.

வாசற்படியில் மகள் நின்றிருந்தாள்.

"இது நீயாம்மா?"

மகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"காதப் பொத்திக்கிட்டு எதுக்கு அங்கயே நிக்கிற? ஓடிப் போகலாம்ல?"

"மழை பெய்யுதுல்ல. வேற எங்க போய் நிக்கிறதாம்?"

சந்தோஷத்தில் கண்டக்டரின் கை தன்னால் சட்டைப்பையில் விசிலைத் தேடியது.

"அப்பா!"

கை அப்படியே நின்றது. "போலாம், ரைட்," என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு நாற்காலியைத் தூக்கி வேறு மூலையில் போட்டார்.